காலை டெஸ்ட், மதியம் டெஸ்ட், மாலை டெஸ்ட்

இந்த வருடம் நம் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டீச்சர்களுக்கும் சார்களுக்கும் வணக்கம். நீங்கள் எல்லோரும் பி.எஸ்ஸி., பி.எட்., எம்.எட். என்று பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். என் பெயருக்குப் பின்னால் ஒரு பெட்டியும் கிடையாது. நான் ஏழாம் வகுப்பு, அதிலும் அரைப்பரீட்சை வரைக்கும்தான். அதற்கப்புறம் எங்கப்பா என்னைச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டார். சூளையில் கல் சுமந்தவன் சூளையை வாங்கினேன், சூளையை வாங்கியவன் லாரி வாங்கினேன், லாரி வாங்கியவன் பள்ளிக்கூடம் கட்டினேன். நீங்கள் இப்போது ஃபேன் போட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்டாஃப் ரூம் சுவர் முழுக்க என் கல். வேண்டுமானால் தட்டிப் பாருங்கள். வெண்கலம் மாதிரி சத்தம் வரும்.

தாளாளர் வேலையை என் மகளிடம் கொடுத்துவிட்டு நான் ஓய்வாக இருக்கிறேன். அவள்தான், "புதுசா வர்றவங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்கப்பா. ஆனா உங்க பெருமையைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றாள். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

வருகைப் பதிவு எப்படி எடுப்பது, பாடக்குறிப்பு எப்படி எழுதுவது என்பதையெல்லாம் ஹெச்.எம். சொல்லிக்கொடுப்பார். எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் கிடைக்கவில்லை. நான் சொல்லப்போவது டெஸ்ட் விஷயம். அதில் எனக்கு இருக்கும் அனுபவம் தாம்பரம் வட்டாரத்தில் வேறு யாருக்கும் கிடையாது. ஒரு கவர்மென்ட் ஜீப்பையே ஏரியில் இறக்கியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. சிட்லபாக்கத்தில் எங்கள் வயல்கள் எல்லாம் ப்ளாட் ஆகி, ப்ளாட் எல்லாம் காலனி ஆகிக்கொண்டிருந்தன. காலனிக்காரர்கள் காலையில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். இருட்டின பிறகு திரும்புவார்கள். பிள்ளைகளைப் பற்றி அவர்களுக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று பெயர், இன்னொன்று ரேங்க். பெயரில் சிலர் தடுமாறுவார்கள், ரேங்க்கில் தடுமாற மாட்டார்கள்.

அப்போது நம் பள்ளிக்கூடத்தில் மாதம் ஒரு டெஸ்ட்தான். ஒரு நாள் ஒரு அப்பா வந்தார். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூலில் வாரம் ஒரு டெஸ்ட் வைக்கிறார்களாம், பையனை அங்கே மாற்றலாமா என்று யோசிக்கிறாராம். அந்த ஸ்கூல் பெயரைச் சொல்ல மாட்டேன். அதை நடத்தியவர் எனக்குத் தூரத்துச் சொந்தம், அதனாலேயே எனக்குப் பொறுக்கவில்லை. நின்ற இடத்தில் முடிவெடுத்தேன். "நம்ம இடத்துல நாளையிலேர்ந்து டெய்லி டெஸ்ட் சார்" என்றேன். மறுநாளே லெவல் கிராசிங் பக்கத்தில் போர்டு வைத்தேன். கேட் மூடியிருக்கிற நேரத்தில் காலனி முழுக்க அதைப் படித்தது.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் தினம் இரண்டு டெஸ்ட் என்று போர்டு வந்தது. நான் சும்மா இருப்பேனா? காலை, மதியம், மாலை என்று மூன்றாக்கினேன். டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்து மாதிரி. அட்மிஷன் குவிந்தது. மாதம் ஒரு டெஸ்ட்டில் இருந்து தினம் மூன்று டெஸ்ட்டுக்கு ஒரே மாதத்தில் போன பள்ளிக்கூடம் நம்முடையது ஒன்றுதான் என்று இன்றும் தைரியமாகச் சொல்வேன்.

எல்லாப் பாடத்துக்கும் டெஸ்ட் என்றால் எல்லாப் பாடத்துக்கும்தான். பாட்டு மிஸ், "பாட்டுக்கு எப்படி சார் எழுத்துத் தேர்வு?" என்று கேட்டார். அது உங்கள் சாமர்த்தியம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் போர்டில் எழுதியிருந்தார்: "கோடிட்ட இடத்தை நிரப்புக: ச, ரி, ____, ம." நன்றாகத்தானே இருக்கிறது? ட்ரில் மாஸ்டர் "ஓடுவது எப்படி? ஐந்து குறிப்புகள் தருக" என்று கேட்டார். ஓட்டத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் அந்த வருடம் முழுக்க ஓடவே இல்லை. நேரம் எங்கே இருந்தது?

வரலாறு மிஸ் கொஞ்சம் மெதுவான ஆள். ஆனால் மூன்று டெஸ்ட் வந்த பிறகு அவரும் வேகமாகிவிட்டார். புத்தகத்தைத் திறந்து, "இங்கேர்ந்து இதுவரைக்கும்" என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுவார், அதுதான் பாடம். ஒரு நாள் அவர் அவசரத்தில் ஒரு வரியின் நடுவில் ஆரம்பித்துக் குறித்துவிட்டார். வகுப்பு முழுக்க விடையை "ஆகையால் அவர் போரில் தோற்றார்" என்றே தொடங்கியது. எதனால் ஆகையால், எவர் அவர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் முழு மார்க்.

இந்த இடத்தில் அப்போதைய ஹெச்.எம். அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்லாவரத்தில் கவர்மென்ட் ஸ்கூலில் இருந்து ரிடையர் ஆகி நம்மிடம் வந்தவர். சத்தமாகப் பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். என்னிடம் எதிர்த்துப் பேசிவிட்டு வேலையிலும் நீடித்தவர் அவர் ஒருவர்தான். அன்றைக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் ரூமுக்கு வந்தார்.

"சார், மூணு வேளையும் டெஸ்ட் வெச்சா பாடம் எப்போ நடத்தறது?"

"நடுவுல நடத்துங்க டீச்சர்."

"நடுவுல இன்டர்வெல்தான் இருக்கு."

"அப்போ இன்டர்வெல்ல நடத்துங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சூளையில கல்லு வெந்துதான்னு தட்டிப் பாப்பீங்க இல்ல சார்?"

"ஆமா."

"தட்டித் தட்டியே வேக வெச்சுடுவீங்களா?"

செங்கல்லைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்லிக்கொடுப்பதா? எனக்கு வந்த கோபத்தில், நீங்கள் போய் க்ளாஸைப் பாருங்கள் என்றேன். "எந்தக் க்ளாஸ் சார்? எல்லா ரூம்லயும் டெஸ்ட்தானே நடக்குது" என்று சொல்லிவிட்டு நிதானமாகப் போனார். திருத்தி முடித்த பேப்பர் கட்டுகள் மேடைக்குப் பின்னாலிருந்த ரூமை நிறைத்து, வராண்டாவுக்கு வர ஆரம்பித்திருந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் சூளையில் அடுக்கி வைத்த கல் ஞாபகம் வரும். அவ்வளவு உற்பத்தி.

பலன் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஹேமா என்று ஒரு பெண். முதல் ரேங்க்கை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு நாள் கேட் பக்கத்தில் பார்த்து, "இன்னாம்மா, அப்பா எப்படிக் கீறாரு?" என்று கேட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்று, "எத்தனை மார்க் சார்?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. விளையாட்டாக, இரண்டு மார்க் என்றேன்.

"எங்கள் அப்பா நலமாக இருக்கிறார். அவர் பாரிமுனையில் பணிபுரிகிறார்."

இரண்டு மார்க், இரண்டு வாக்கியம். அளந்து வைத்த மாதிரி. எனக்கு ஆசை விடவில்லை. சரி, இப்போது ஐந்து மார்க்குக்குச் சொல் என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். முன்னுரை என்றாள், உலகில் அப்பாக்கள் பலர் உள்ளனர், அவர்களுள் எங்கள் அப்பாவும் ஒருவர் என்றாள். தோற்றம் என்று ஒரு தலைப்பு. அப்பாவின் பயன்கள் என்று ஒரு தலைப்பு; அதில் அவர் மண்ணெண்ணெய் வாங்கி வருவார், ஃபியூஸ் போட்டுத் தருவார் என்று வரிசையாக வந்தது. எனவே அப்பாக்களைப் போற்றுவோம் என்று முடிவுரை சொல்லித்தான் மூச்சு விட்டாள்.

விசாரித்தால், ஹேமா மட்டும் இல்லை, பள்ளிக்கூடம் முழுக்க அப்படித்தான் பேசுகிறது. ஹேமாவின் அம்மா ஒரு நாள் வந்து, குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால் இவள் 'சரியா தவறா'வா, ஒரு வரி விடையா என்று திருப்பிக் கேட்கிறாள் சார் என்று குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இதைவிட விளம்பரம் என்ன வேண்டும்? வருகிற பெற்றோர் முன்னால் ஹேமாவைக் கூப்பிட்டு, மழையைப் பற்றி ஐந்து மார்க், எருமையைப் பற்றி ஐந்து மார்க் என்று சொல்ல வைப்பேன். கை தட்டுவார்கள். ஹெச்.எம். அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சமயம் நமக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் அங்கீகாரம். தைரியத்தில் ஒன்பதாம் வகுப்பை ஆரம்பித்துவிட்டேன். ஜூன் மாதம் அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டும். அதற்குள் பத்துக்கு அங்கீகாரம் வராவிட்டால் அத்தனை பேருக்கும் டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும். நேராகப் பத்தாம் வகுப்பில் எந்த ஸ்கூலும் சேர்க்காது. ரிசல்ட் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் பயம். பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து தனித்தேர்வு எழுத வேண்டியதுதான். இன்ஸ்பெக்ஷன் தேதி பொங்கல் கழித்து வந்தது. காலனி அப்பாக்கள் என்னிடம் மார்க்கைக் கேட்பதை நிறுத்திவிட்டு, "அங்கீகாரம் வந்துடும் இல்ல சார்?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தார்கள். நான் வந்துவிடும் என்றேன். வராதா என்ன? நடத்துவது யார்?

அதிகாரி ஜீப்பில் வந்தார். ஒல்லியான மனிதர். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். நான் வாங்கி வைத்திருந்த பால்கோவாவைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டார். அப்போது பள்ளிக்கூடம் ஏரிக்கரை ஓரம், கொஞ்சம் சரிவான இடம். டிரைவர் ஜீப்பை அந்தச் சரிவில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் பிடிக்காதாம். ரோட்டில் கிடந்த ஒரு அரைச் செங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். அது என் சூளைக் கல் இல்லை. இதைத் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அதிகாரி ஒன்பதாம் வகுப்புக்குள் வந்தார். பின்னால் நானும் ஹெச்.எம். அம்மாவும். பிள்ளைகள் ஒரே மூச்சில் எழுந்து, ஒரே மூச்சில் உட்கார்ந்தார்கள். நான் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டேன். அதிகாரி புத்தகத்தைக் கேட்கவில்லை, நோட்டைக் கேட்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே உங்களுக்கு என்ன பிடிக்கும், யாராவது சொல்லுங்கள் என்றார்.

வகுப்பு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஒரு பையன் எழுந்து, "எத்தனை மார்க் சார்?" என்றான்.

"மார்க் எல்லாம் இல்லப்பா. சும்மா சொல்லு."

அந்தப் பையன் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் பேனாவை மூடி வைத்தார்கள். சும்மா என்பது பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. அதிகாரி வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். உனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும், நேற்று என்ன சாப்பிட்டாய், இந்த ஏரியில் என்ன பறவை வருகிறது. ஒரு வாய் திறக்கவில்லை. ஹெச்.எம். அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

என் ரூமுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அதிகாரி பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"கட்டடம் நல்லா இருக்கு. ஆனா பிள்ளைங்க பேசவே மாட்டேங்கறாங்களே. பத்தாவது குடுக்கறதுன்னா யோசிக்கணும் சார்."

இந்த இடத்தில்தான் உங்களைப் போன்ற புதியவர்கள் கலங்கிப்போவீர்கள். நானும் கலங்கினேன், இல்லை என்று சொல்லவில்லை. அத்தனை பிள்ளைகளும் டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்பது கண் முன்னால் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அப்பாக்கள், அவர்கள் கையில் செருப்பு.

சரியாக அந்த நேரம் கதவுப் பக்கம் ஒரு குரல். "உள்ளே வரலாமா சார்?" ஹேமா. அவளுக்கு ஜன்னலோர இடம். எதையோ பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். எத்தனை மார்க் சார்?"

எனக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. பிள்ளைகள் பேச மாட்டேன் என்கிறார்களா? இதோ பேசுகிறவள். அதிகாரியைப் பார்த்து, இப்போ கேளுங்கள் சார் என்று சைகை காட்டினேன். "அஞ்சு மார்க்கும்மா" என்றேன்.

ஹேமா கையைக் கட்டிக்கொண்டாள்.

"முன்னுரை. மனிதன் கண்டுபிடித்த வாகனங்கள் பல. அவற்றுள் ஜீப்பும் ஒன்று. அத்தகைய ஜீப் ஒன்றைப் பற்றி இங்குக் காண்போம்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"தோற்றம். ஜீப் நான்கு சக்கரங்களைக் கொண்டது. பச்சை நிறமுடையது. பின்புறம் கதவு இல்லாதது."

ஹெச்.எம். அம்மா முகம் மாறியது. அவருக்கு அப்போதே ஏதோ தட்டியிருக்கிறது. "ஹேமா, என்னாச்சு, நேரா சொல்லும்மா" என்று எழுந்தார். "பேசட்டும் விடுங்க டீச்சர்" என்று நான் அவரை உட்காரச் சொன்னேன். ஒரு பிள்ளை பேச ஆரம்பித்தால் நடுவில் தடுக்கக் கூடாது இல்லையா?

"பயன்கள். ஜீப் மேடு பள்ளங்களில் எளிதாகச் செல்லும். அதிகாரிகள் பள்ளிகளைப் பார்வையிடச் செல்வதற்குப் பயன்படுகிறது. இன்றைய நிலை. சக்கரத்தில் வைத்த செங்கல் நொறுங்கியதால் ஜீப் தற்போது ஓட்டுநர் இன்றித் தானாகவே ஏரியை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது."

அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வெளியே தொபுக் என்று ஒரு சத்தம். நாங்கள் மூன்று பேரும் வாசலுக்கு ஓடினோம். பின்னால் ஹேமாவின் குரல் கேட்டது. "முடிவுரை. எனவே ஜீப்பை நாம் பாதுகாக்க வேண்டும்." முடிவுரை இல்லாவிட்டால் அரை மார்க் குறையும். அவள் விட மாட்டாள்.

ஜீப் ஒன்றும் வேகமாகப் போயிருக்காது. அந்தச் சரிவில் மாப்பிள்ளை அழைப்புக் கார் மாதிரி அசைந்து அசைந்துதான் இறங்கியிருக்கும். முன்னுரையின்போது ஒரு ஆள் குதித்து ஏறி பிரேக்கை மிதித்திருக்கலாம். இப்போது மூக்கு வரைக்கும் தண்ணீருக்குள் இருந்தது. ஆகாயத்தாமரை பானெட்டுக்கு மேல் மாலை போட்ட மாதிரி கிடந்தது. நல்ல மழை பெய்த வருடம், கரையில் சேறு முழங்கால் ஆழம். நம் அங்கீகார மனுக்கட்டு முன் சீட்டில் இருந்தது. அது நனைந்தால் மறுபடி முதலிலிருந்து மனுப் போட வேண்டும், ஜூனுக்குள் நடக்காது. ஜீப் மெதுவாக இன்னும் அமிழ்ந்துகொண்டிருந்தது.

டிரைவர் பாதி போண்டாவோடு ஓடி வந்தார். "இன்னா சார் இது, வண்டிய இங்க வுட்டேன், அங்க போய் நின்னுகினு கீது?" என்று என்னைக் கேட்டார். நான் அவருடைய அரைக் கல்லைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சத்தம் கேட்டு ஒன்பதாம் வகுப்பு முழுக்கக் கரைக்கு வந்துவிட்டது. வந்து என்ன செய்தார்கள் தெரியுமா? உயர வரிசைப்படி நின்று கையைக் கட்டிக்கொண்டார்கள். அதிகாரி பேன்ட்டை மடித்துக்கொண்டே, "யாராவது ஏதாவது பண்ணுங்கப்பா" என்றார். வரிசையிலிருந்து ஒரு குரல், "எத்தனை மார்க்" என்று ஆரம்பித்தது.

ஹெச்.எம். அம்மா அன்றைக்குத்தான் சத்தம் போட்டு நான் கேட்டேன். "மார்க்கே கிடையாது. தெரிஞ்சவங்க பேசுங்க. தெரியாதவங்களும் பேசுங்க."

வரிசை லேசாகக் கலைந்தது. பிறகு கடைசியில் நின்ற ஒரு பையன் மெதுவாக, கயிறு கட்டி இழுக்கணும் என்றான். பக்கத்தில் இருந்தவன், "எதுலடா கட்டுவ? உங்க தாத்தா பல்லுலயா?" என்றான். ஒருத்தி சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு அம்மா எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அவரிடம் ஓடினார்கள். "எம் மாட்ட ஜீப்புல கட்டறதா? அது இன்னா ட்ரைவிங் படிச்ச மாடா?" என்று அவர் கேட்பது இங்கே வரைக்கும் கேட்டது. அவரிடம் அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. இரண்டு எருமைகளோடு திரும்பி வந்தார்கள். கயிறு கொண்டு வந்தது ஒருவன். முடிச்சுப் போட்டது நான். சூளையில் கற்றுக்கொண்ட முடிச்சு, லாரியே அறுந்தாலும் அறாது.

எருமைகள் இழுத்தன. சக்கரம் சேற்றில் இன்னும் புதைந்ததே தவிர வண்டி நகரவில்லை. அடியில் ஏதாவது போட வேண்டும் என்று ஒருவன் கத்தினான். கல்லைப் போடலாம் என்றேன், அமிழ்ந்துவிடும் சார் என்று என்னையே மறுத்துப் பேசினார்கள். அப்போது ஹேமா, முன்னுரை இல்லாமல், தலைப்பு இல்லாமல், "டேய், பேப்பர் கட்டுடா, மேடை ரூம்ல" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக ஓடினாள்.

காலை டெஸ்ட், மதியம் டெஸ்ட், மாலை டெஸ்ட், எல்லாம் வந்தது. கையிலிருந்து கைக்கு மாற்றி, கட்டுக் கட்டாகச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். "இது என் கணக்குப் பேப்பர்டா" "போடு, போடு, நீ வாங்கின மார்க்குக்கு அது இன்னும் ஆழமா போவும்" என்று ஒரே கூத்து. பாட்டு மிஸ் ச, ரி, ம பேப்பரைத் தானே கொண்டு வந்து கொடுத்தார். அத்தனை டெஸ்ட் பேப்பரும் வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவற்றின் மேல்தான் ஜீப் ஏறி வெளியே வந்தது.

மனுக்கட்டு ஒரு ஓரம் மட்டும் நனைந்திருந்தது. அதிகாரி அதை மடியில் வைத்துக்கொண்டு, சேறு படிந்த காலோடு கரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். எருமை ஜீப்பை எந்த மெக்கானிக் கடை வரைக்கும் இழுக்கும், ஏரியில் எந்த மாதம் நாரை வரும், ஜீப் எஞ்சினில் மீன் போயிருக்குமா என்று ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர். அவருக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை. அப்போதுதான் அந்த மனிதருக்குப் பல் இருப்பதையே நான் பார்த்தேன்.

அவர் கிளம்பும்போது நான் ஓரமாகப் போய், அங்கீகாரம் என்ன ஆகும் சார் என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் யாரிடமும் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

"எழுதி அனுப்பறேன்" என்றார். "ஒரு கண்டிஷன். அது ஆர்டர்ல வராது, உங்ககிட்ட வாயால சொல்றேன். தினம் ஒரு பீரியட், டெஸ்ட் இல்லாம, வெறும் பாடம் நடக்கணும். நடக்குதான்னு நீங்களே கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்கணும்."

"நான் எதுக்கு சார்? ஹெச்.எம். இருக்காங்களே."

"அவங்களுக்குப் பாடம்னா இன்னான்னு தெரியும் சார்."

அவர் என் மாதிரியே 'இன்னா' என்றதும் நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆர்டர் மே மாதம் வந்தது. ஒரு பிள்ளைக்கும் டி.சி. கிழிக்கவில்லை. இதைக் கேட்டுவிட்டு என் மகள், நல்ல வேளைப்பா, உங்கள் டெஸ்ட் பைத்தியத்தால் ஸ்கூலே போயிருக்கும் என்பாள். அவளுக்குக் கணக்கு வராது. அன்றைக்கு நான் ஐந்து மார்க் என்று சொல்லியிராவிட்டால் ஹேமா விஷயத்தை உடனே சொல்லியிருப்பாள். உடனே சொல்லியிருந்தால் ஜீப் ஏரிக்குள் போயிருக்காது. போகாவிட்டால் பிள்ளைகள் பேசியிருக்க மாட்டார்கள். ஆக, பத்தாம் வகுப்புக்கு அங்கீகாரம் வாங்கியது நான்தான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். டெஸ்ட் வையுங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை வகுப்பில் எழுந்து, "இது டெஸ்ட்டுக்கு வருமா?" என்று கேட்டால், உடனே பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக வெளியே ஒருமுறை பாருங்கள். எது எங்கே உருண்டுகொண்டிருக்கிறதோ.

இன்னொன்று. நீங்கள் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும்போது கடைசி பெஞ்சில் ஒரு வயதானவர் உட்கார்ந்திருப்பார். இன்ஸ்பெக்ஷன் என்று பயந்துவிடாதீர்கள். அதிகாரி ஒரு வருடத்துக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், நான்தான் எழுந்து வரவில்லை. ஏழாம் வகுப்பில் அரைப்பரீட்சையோடு விட்டதை இங்கேதான் பிடித்தேன். அறிவியலில் இப்போது நான் நன்றாகத் தேறிவிட்டேன், வரலாறும் பரவாயில்லை. கணக்குச் சாருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் முக்கோணவியல் ஆரம்பிக்கிறீர்களாம். கொஞ்சம் மெதுவாக நடத்துங்கள் சார். இதுவரைக்கும் எத்தனையோ பேர் நடத்திவிட்டார்கள், அந்த 'சைன்' எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.